குருளையின் துயிலிடம்

மனிதனோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் விலங்குகளுள் நாய் முதன்மையானது. ஆடும் மாடும் அவன் வீட்டு முற்றத்தை அடைவதற்கு முன்னரே, நாய் அவன் மூட்டிய நெருப்பின் அருகே வந்து படுத்துவிட்டது. 1914ஆம் ஆண்டில் செருமனி நாட்டில், பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழி ஒன்று கண்டறியப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாய்க்குட்டி ஒன்றுடன் புதைக்கப்பட்டிருந்தனர். அக்குட்டியின் பற்களை ஆராய்ந்த அறிஞர், அஃது இறக்கும்போது ஏழு திங்கள் அளவினதாய் இருந்தது என்றும், கொடிய நோய் ஒன்றினால் பல வாரங்கள் வருந்தியது என்றும் 2018ஆம் ஆண்டில் எழுதினர். மக்கள் அருகிருந்து பேணியிராவிடின் அஃது அத்தனை நாள் பிழைத்திராது என்பது அவர்தம் கருத்து. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயுற்ற குட்டி ஒன்றை அக்கால மக்கள் கைவிடாது காத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாயின் இளமையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும்போது, நாய்க்குக் ‘குருளை’ என்னும் பெயரை உரியதாக்கினார். புலியின் இளமைக்கும் அப்பெயரே உரியது. நாளை புலிபோல் நின்று வீட்டைக் காக்கப்போவதாயினும், இன்று அது தாயின் வெம்மையை நாடும் குழவியே என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது.

குருளை ஒன்று புதிதாக வீட்டிற்கு வரும்போது, அதற்கு என்ன பெயர் இடுவது, என்ன உணவு ஊட்டுவது என்பனவற்றை எல்லாரும் முன்னரே எண்ணிவைப்பர். அஃது எங்கே உறங்குவது என்பதனையோ, பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பின்னரே எண்ணத் தொடங்குவர். இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆயினும், அக்குட்டி அவ்வீட்டை நம்புமா, அஞ்சுமா என்பது பெரும்பாலும் அந்தச் சில இரவுகளைப் பொறுத்தே அமைகின்றது. ஒரு வீட்டில் நிகழ்ந்ததைக் கொண்டு இதனை விளக்கமாகக் காண்போம்.

திருவில்லிபுத்தூரில் ஒரு குடும்பம் இருந்தது. பாட்டனார், தந்தை, தாய், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆகிய நால்வர் அவ்வீட்டில் வாழ்ந்தனர். ஊர்ப்புறத்தில் அவர்களுக்குத் தென்னந்தோட்டம் ஒன்று இருந்தது. அதன் காவலுக்காகத் தந்தையார் அண்மையிலுள்ள இராசபாளையத்திலிருந்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவ்வூரின் பெயரையே தாங்கிய அந்நாயினம் வெண்ணிற உடலும், இளஞ்சிவப்பு மூக்கும், நெடிய கால்களும் உடையது. வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களைக் காட்டி வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்று இவ்வினத்திற்கு உரியது.

குட்டிக்கு அன்று எட்டு வாரம் நிரம்பியிருந்தது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்றல் தகாது. நாய் வளர்ப்பும் விற்பனையும் பற்றி 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் வகுக்கப்பட்ட விதிகளும் அதனை விலக்குகின்றன. விற்றவர் குட்டியோடு பழஞ்சாக்குத் துண்டு ஒன்றையும் கொடுத்து, “இது தாய் படுத்திருந்த சாக்கு, இரவில் குட்டியின் கீழே விரித்துவிடுங்கள்” என்று சொல்லியிருந்தார். தந்தையாரோ, நாற்றம் வீசும் அச்சாக்கினைக் கொல்லைப்புறத்தில் எறிந்துவிட்டார்.

இரவு வந்தது. குட்டியை எங்கே படுக்க வைப்பது என்னும் வினாவும் எழுந்தது.

“தாத்தா, என் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொள்கிறேன்” என்றான் சிறுவன்.

“கட்டிலில் வேண்டா. உருண்டு விழுந்தால் கால் முறியும். பூச்சியும் உண்ணியும் வேறு வந்து சேரும்” என்றாள் தாய்.

பாட்டனார் இளமையில் வேட்டை நாய்களை வளர்த்துப் பழகியவர். அவர் நகைத்து, “தோட்டக் காவலுக்கு வந்த நாயைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டுவதா? மாட்டுக் கொட்டிலில் கட்டிவையுங்கள். அழுதால் அழட்டும், இரண்டு நாளில் தானே பழகிவிடும். அழும்போதெல்லாம் அருகே ஓடினால் அது கோழையாகிவிடும்” என்றார். மூத்தவர் சொல்லை மீறுவார் இலர். குட்டியைக் கொட்டிலின் தூணில் கயிற்றால் கட்டி, பாற்சோற்றுக் கிண்ணம் ஒன்றை அருகில் வைத்துக் கதவைச் சாத்தினர்.

குட்டி அழத்தொடங்கியது. முதலில் மெல்ல முனகியது. பின்னர்க் கீச்சென்று கத்தியது. அதன்பின் இடைவிடாது ஓலமிட்டது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. சிறுவன் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். நள்ளிரவில் அவ்வோலம் திடீரென நின்றது. “பார்த்தாயா, பழகிவிட்டது” என்று பாட்டனார் தம் கட்டிலில் புரண்டு படுத்தார். ஆனால் சிறுவனுக்கு அந்த அமைதி, அழுகையினும் அச்சந்தருவதாக இருந்தது. அவன் ஓசைப்படாமல் எழுந்து, கைவிளக்குடன் கொட்டிலுக்குச் சென்றான்.

அங்கே கண்ட காட்சி அவன் நெஞ்சை நடுங்கச் செய்தது. கதவை நோக்கி ஓடவும் திரும்பவும் முயன்ற குட்டி, கயிற்றைத் தூணில் பலமுறை சுற்றிவிட்டிருந்தது. கயிறு குறுகிக் கழுத்தை இறுக்க, முன்கால்கள் நிலத்தில் பாவாமல், குரலெழுப்ப இயலாது அது திணறிக்கொண்டிருந்தது. பாற்சோறு தொடப்படாமலே கிடந்தது. சிறுவன் விரைந்து கயிற்றை அறுத்துக் குட்டியை எடுத்து மார்போடு அணைத்தான். அதன் நெஞ்சு படபடவென்று துடித்தது. சிறிது நேரத்தில் அஃது அவன் மடியிலேயே உறங்கிற்று. அவனும் வைக்கோற்போரில் சாய்ந்தவாறே கண்ணயர்ந்தான்.

விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவந்த பாட்டனார் இருவரையும் கண்டார். அறுந்த கயிற்றையும் கண்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. தந்தையாரோ, “நாள்தோறும் இப்படியானால் பிள்ளையின் உறக்கமும் படிப்பும் கெடும். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது” என்றார். சிறுவன் கண்கலங்கி நின்றான்.

அன்று காலை, தடுப்பூசியின் பொருட்டுக் குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். பாட்டனாரும் உடன் சென்றார். இரவு நிகழ்ந்ததைக் கேட்ட மருத்துவர், குட்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “பெரியவரே, இக்குட்டி இதுவரை எத்தனை இரவுகள் தனியே உறங்கியிருக்கும்?” என்று வினவினார். பாட்டனார் விடை கூறாது நின்றார். மருத்துவர் கூறியவற்றின் சுருக்கம் வருமாறு:

நாய்க்குட்டி பிறக்கும்போது அதன் கண்கள் மூடியிருக்கும், செவித்துளைகளும் அடைபட்டிருக்கும். இரண்டு வார அளவில் கண்கள் திறக்கும். அதனை அடுத்துச் செவிகள் திறக்கும். முதற்சில வாரங்களில் தன் உடல் வெம்மையைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலின், தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் குவியலாகக் கிடந்தே அஃது உயிர் வாழ்கின்றது. தனித்துக் கிடத்தல் என்பது குளிரால் மடிதல் என்றே அக்காலத்தில் அதற்குப் பொருள். வழிதவறிய குட்டி கத்தினால் தாய் குரல்கேட்டு வந்து மீட்கும். அழுகை ஒன்றே அக்குட்டிக்கு இயற்கை அளித்த கருவி. எட்டு வாரமும் ஒரு நாளேனும் தனித்து உறங்கியறியாத உயிரை, அறியாத இடத்தில், இருளில், முன்பின் தெரியாத மணங்களுக்கு நடுவே விட்டால் அது வேறென்ன செய்யும்? அதன் அழுகை பிடிவாதம் அன்று. உதவி நாடும் குரலே. நெடுநேரம் அழுது ஓய்ந்த குட்டி பழகிவிட்டது என்று கருதுதல் தவறு. அது பெரும்பாலும் களைத்துப் போயிருக்கும். அல்லது, நேற்றுப் போல், இடரில் சிக்கியிருக்கும்.

அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டில் மெயின் மாநிலத்துப் பார் ஆர்பரில் உள்ள சாக்சன் ஆய்வகத்தில் சான் பால் சுகாட்டு, சான் புல்லர் என்னும் இருவர் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, ஒரு குட்டி யாரை உறவாகக் கொள்வது என்பதனைக் கற்கும் காலம் என்று அவர்கள் கண்டனர். புது வீட்டிற்குக் குட்டி வந்து சேரும் நாள்கள் இக்காலத்துள்ளேயே அடங்குகின்றன. மேலும், தனிமைப்பட்டு அழும் குட்டிகளை எது தேற்றும் என்று 1977ஆம் ஆண்டில் சுகாட்டும் வேறு சிலரும் சோதித்தனர். உணவு, பொம்மை, கண்ணாடி, மற்றொரு நாய், மனிதர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அருகில் வைத்துப் பார்த்தனர். உணவு பெரிதும் பயன்படவில்லை. மென்மையான பொம்மை ஓரளவு உதவிற்று. மனிதரின் துணையே அழுகையை மிகுதியாகத் தணித்தது. பாற்சோறு தொடப்படாமல் கிடந்ததன் காரணம் இதுவே.

“அப்படியானால் வாழ்நாள் முழுவதும் இதற்குத் துணையாக ஒருவர் படுக்க வேண்டுமோ?” என்று தந்தையார் கேட்டார்.

“வேண்டா. அச்சம் நீங்கும் வரையில் அருகில் வையுங்கள். நீங்கியபின் சிறிது சிறிதாக விலக்குங்கள். அருகில் உறங்கத் துணிவு பெற்ற குட்டியே பின்னர்த் தனித்து உறங்கக் கற்கும்” என்றார் மருத்துவர்.

வீடு திரும்பும் வழியில் பாட்டனார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்ப் பேரனை நோக்கிச் சொன்னார்: “தம்பி, எனக்கு எட்டு வயதானபோது, என் தகப்பனார் என்னை மதுரையில் மாமா வீட்டில் படிக்க விட்டுவிட்டு வண்டியேறிவிட்டார். அன்று இரவு அத்தை அதிரசம் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எல்லாரும் உறங்கியபின் அழுதேன். மாமா எழுந்து வந்தார், அதட்டவில்லை, தம் பாயைச் சுருட்டிக்கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்து, என்மேல் கை வைத்தபடி படுத்துக்கொண்டார். ஒரு வாரம் அப்படியே படுத்தார். பிறகு எந்த நாளில் அவர் தம் இடத்திற்குத் திரும்பிப் போனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நேற்று மறந்துவிட்டேன்.”

வீட்டை அடைந்ததும் அவர் மருமகளை அழைத்து, “அம்மா, குட்டி என் கட்டிலருகே படுக்கட்டும். நான் இரவில் எப்படியும் இருமுறை எழுந்திருக்கிறவன். பிள்ளையின் உறக்கம் கெடவேண்டா” என்றார். “நல்லது, மாமா” என்று அவளும் மகிழ்ந்தாள்.

பழக்கடையிலிருந்து மரப்பெட்டி ஒன்று வாங்கப்பட்டது. துருத்தி நின்ற ஆணிகளைப் பாட்டனார் தாமே அடித்து மடக்கினார். குட்டி நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் போதிய அளவினதாய் அது இருந்தது. அதனினும் பெரிதாக இல்லை. இதற்குக் காரணம் உண்டு. குட்டிகள் தாம் படுக்கும் இடத்தை நனைக்க விரும்புவதில்லை. மூன்று வாரம் கடந்து நடக்கத் தொடங்கியதும், படுக்கையை விட்டு விலகிச் சென்றே அவை சிறுநீர் கழிக்கும். பெட்டி மிகப் பெரிதாயின், ஒரு மூலையில் படுத்து மறு மூலையை நனைத்துவிடும். பெட்டிக்குள் பழைய நூற்புடைவை ஒன்று மடித்து இடப்பட்டது. அதன்மேல், கொல்லையில் எறியப்பட்ட அந்தச் சாக்குத் துண்டினைத் தேடி எடுத்துவந்து சிறுவன் விரித்தான். குட்டி அதனை முகர்ந்தது. மூன்று முறை சுற்றியது. அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டது. தாயின் மணத்தினும் சிறந்த தாலாட்டு அதற்கு வேறு யாது?

பெட்டி பாட்டனாரின் கட்டிலை ஒட்டி, அவர் கையைத் தொங்கவிட்டால் எட்டும் தொலைவில் வைக்கப்பட்டது. காற்று நேரே வீசும் வாயிற்படியும், மின்கம்பி செல்லும் சுவரோரமும், கொசுவத்திப் புகை சூழும் இடமும் விலக்கப்பட்டன. குட்டியின் கழுத்தில் கயிறு இல்லை. படுப்பதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்னரே அதற்கு இரவு உணவு கொடுத்தனர். சிறுவன் அதனோடு சற்று விளையாடினான். படுக்குமுன் கொல்லையில் வேப்பமரத்தடிக்கு எடுத்துச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்தான்.

அன்றிரவும் குட்டி அழுதது. ஆனால் பாட்டனார் கையைப் பெட்டிக்குள் நீட்டியதும் அதனை நக்கி அடங்கியது. நள்ளிரவில் மீண்டும் முனகி, பெட்டியைச் சுரண்டியது. இஃது அச்சத்தால் எழுந்த குரல் அன்று என்று உணர்ந்த அவர், அதனை எடுத்துக்கொண்டு அதே வேப்பமரத்தடிக்குச் சென்றார். எட்டு வாரக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்க இயலாது. ஒருமுறையோ இருமுறையோ வெளியே கொண்டுசெல்லுதல் வேண்டும். அவ்வேளையில் விளக்கைப் பெரிதாக ஏற்றுதலும், கொஞ்சுதலும், விளையாடுதலும் ஆகா. இரவு விளையாட்டுக்கு உரியது என்று குட்டி எண்ணிவிடின், பின்னர் வீட்டார் ஒருவரும் உறங்க இயலாது. பாட்டனார் பேசாது நின்று, வேலை முடிந்ததும் பேசாது கொண்டுவந்து பெட்டியில் விட்டார்.

இவ்வாறு அழுகையின் வகையறிந்து நடத்தலே இதன் நுட்பம். துணைநாடி அழும் குட்டிக்குக் கையும் மென்குரலும் போதும். சிறுநீருக்காகச் சுரண்டும் குட்டியை வெளியே கொண்டுபோதல் வேண்டும். உண்ணாமல் சோர்ந்து, கழிச்சலோ வாந்தியோ கண்ட குட்டியை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எல்லா அழுகைக்கும் ஒரே மருந்தாக அதட்டலைக் கொள்வார், குட்டி எதற்காக அழுகின்றது என்பதனை என்றுமே அறியமாட்டார். அடித்தலோ, அழுததற்கு மூக்கில் தட்டுதலோ அச்சத்தின்மேல் அச்சத்தை ஏற்றுவதாகும்.

மூன்றாம் நாள் அழுகை குறைந்தது. ஒரு வாரத்தில் குட்டி தானே பெட்டியில் ஏறிப் படுத்தது. அதன்பின் பாட்டனார் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முழமாகப் பெட்டியைக் கதவுப்பக்கம் நகர்த்தினார். ஒரு நாள் சற்று மிகுதியாக நகர்த்திவிட்டமையால் குட்டி மீண்டும் அழுதது. அவரும் பெட்டியைப் பழைய இடத்திற்கே கொண்டுவந்து, இருநாள் பொறுத்து மீண்டும் நகர்த்தினார். இரண்டு திங்களில் பெட்டி திண்ணையை அடைந்தது. வளர்ந்தபின் அந்நாய் தென்னந்தோட்டத்தில் இரவுதோறும் தனித்துக் காவல் காத்தது. கோழையாகும் என்று அஞ்சப்பட்ட குட்டி, அச்சமின்றி இருளில் நின்றது.

கொல்லையும் வேப்பமரமும் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் நெறி ஒன்றே. மரத்தடிக்கு ஈடாகப் பின்கட்டில் விரித்த பழந்தாள் அமையும்; பெட்டியின் இடமோ வீட்டார் உறங்கும் அறையே. குட்டியைத் தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், குடற்புழு நீக்கும் மருந்தையும் தடுப்பூசிகளையும் உரிய நாளில் இடுவித்தலும் மறத்தற்கு உரியன அல்ல. விளையாட்டாகவேனும் குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், அவ்விடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். அன்பும் தூய்மையும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல.

சிறுவன் ஒரு நாள் பாட்டனாரை நோக்கி, “தாத்தா, குட்டி திண்ணைக்குப் போனது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?” என்று கேட்டான். “இல்லையப்பா. நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்குத் தெரியும். அது தெரிந்தபின் அஃது எங்கே படுத்தால் என்ன?” என்றார் அவர். துணிவு என்பது தனிமையில் தள்ளிவிடுவதால் பிறப்பதன்று. துணை உண்டு என்னும் நம்பிக்கையிலிருந்தே அது முளைக்கின்றது. இது குருளைக்கு மட்டுமே உரிய உண்மையன்று.

அருஞ்சொற்பொருள்

குருளை - நாய், புலி முதலியவற்றின் குட்டி. துயிலிடம் - உறங்கும் இடம். ஓலம் - அலறல். கொட்டில் - மாட்டுத் தொழுவம். கண்ணயர்தல் - உறங்குதல். சவர்க்காரம் - சோப்பு.

வினாக்கள்

1. ஓபர்காசல் புதைகுழியால் அறியப்படுவது யாது?
2. பாட்டனார் குட்டியைக் கொட்டிலில் கட்டச் சொன்னதன் காரணம் யாது? அவர் கருத்து மாறியது எவ்வாறு?
3. குட்டி பாற்சோற்றைத் தொடாமைக்கும், பாட்டனார் அதிரசம் உண்ணாமைக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
4. குட்டியின் பெட்டி மிகப் பெரிதாக இருத்தல் கூடாது, ஏன்?
5. உங்கள் வீட்டிற்கோ பள்ளிக்கோ புதிதாக வந்த ஒருவரின் அச்சத்தைப் போக்க நீங்கள் செய்யத்தக்கவற்றை ஒரு பத்தியில் எழுதுக.